முட்டை போடாத புட்டிங்

அவளுக்கு மூக்கு போய் ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. முகத்தில் மூக்கு இருந்த இடத்தில்தான் இருந்தது, பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. மோப்பம்தான் போய்விட்டது. மூன்று நாள் காய்ச்சல் வந்தது, போனது, போகிற போக்கில் அதையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லிப் புலம்பி ஓய்ந்திருப்பார்கள். இவளால் வாயைத் திறக்க முடியவில்லை. இவள் பிழைப்பே மூக்கில் இருந்தது.

பொட்டலத் தின்பண்டம் செய்யும் கம்பெனியில் பதினெட்டு வருடமாக ருசி பார்க்கும் வேலை. அதற்கென்று ஒரு வெள்ளை அறை உண்டு. அங்கே மின்விசிறி கிடையாது, ஜன்னலைத் திறக்கக் கூடாது, பவுடர் போட்டவர்களுக்குக்கூட உள்ளே இடமில்லை. காகிதக் கிண்ணத்தில் வருவதை முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்த்து, படிவத்தில் எழுத வேண்டும். ஒருமுறை வாசலில் நின்ற எண்ணெய் லாரியைக் கடந்து வரும்போதே, "இது சிக்கு வாடை அடிக்குது, இறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சோதித்துப் பார்த்தால் அத்தனை எண்ணெயும் கெட்டுப்போனது. அன்றிலிருந்து கம்பெனியில் அவளுக்குப் பெயரே 'மூக்கு மேடம்'.

வீட்டிலும் அதே ராஜ்யம்தான். பால் திரியப் போகிறதா, ஃப்ரிட்ஜில் இருக்கும் சோறு ஆகுமா ஆகாதா, குளியலறைக் குழாயில் செத்த எலி வாடையா சாக்கடை வாடையா, எல்லாவற்றுக்கும் அவள்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அந்த மனிதன் கையில் வைத்திருக்கும் பழத்தை முகர்ந்து பார்க்கும் பழக்கத்தையே விட்டுவிட்டான். அவளிடம் நீட்டுவான், அவள் தலையாட்டினால் தின்பான்.

இப்போது அந்த மூக்குக்குக் காப்பியும் ஒன்றுதான், கழுநீரும் ஒன்றுதான். இனிப்பு இனித்தது, உப்பு கரித்தது, அதோடு சரி. டாக்டர் கையை விரித்தார். "வரலாம், வராமலும் போகலாம். ஆறு மாசம் பாருங்க" என்றார். ஆறு மாதம் கம்பெனி பார்த்துக்கொண்டிருக்குமா? வருடாந்தர மோப்பச் சோதனையில் தவறினால் பொட்டலம் ஒட்டும் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். தலையில் வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு, நேற்று வரை எழுந்து நின்று வணக்கம் சொன்ன பிள்ளைகளோடு உட்கார்ந்து கவர் ஒட்ட வேண்டும். மூக்கு இல்லை என்றால் அவள் யார்? புருஷனிடம் சொல்லலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தாள். இரண்டு முறையும் அவன் பால் பாத்திரத்தை நீட்டிக்கொண்டு நின்றான். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள்.

ஒன்றரை மாதத்தை எப்படி ஓட்டினாள் என்று கேட்டால், நாத்தனார் மூக்கை வைத்துத்தான் ஓட்டினாள்.

புருஷனின் தங்கை ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் கணவன் கப்பலில் வேலை பார்க்கிறான், வர இன்னும் மூன்று மாதம் ஆகும். அதிகம் நடமாடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அண்ணன் வீட்டில் வந்து இருந்தாள். மசக்கையில் ஏறிய மோப்பம் ஏழாம் மாதத்திலும் இறங்கவில்லை. மூன்றாம் மாடியில் வெங்காயம் உரித்தால் இவள் முதல் மாடியில் மூக்கைப் பொத்துவாள். சுவரில் மீன் வாடை என்பாள், தலையணையில் பெட்ரோல் என்பாள். "உனக்கு மூக்கா, வேட்டை நாயா?" என்று அண்ணன் கிண்டலடிப்பான். அண்ணிக்கோ அந்த மூக்கு கடவுளாகப் பார்த்துக் கொடுத்தது. கம்பெனி மாதிரிகளை வீட்டுக்கு எடுத்து வருவாள். "வா, உனக்கு ஒரு பரீட்சை வைக்கிறேன். இதுல என்ன வாசனை, சொல்லு பாப்போம்" என்பாள். பெண் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லும். அண்ணி "சரி" என்பாள். எப்போதும் சரி சரி என்றால் சந்தேகம் வருமே என்று நடுநடுவே ஒரு "தப்பு" போடுவாள். மறுநாள் அதெல்லாம் அண்ணியின் கையெழுத்தில் படிவத்தில் ஏறிவிடும். எது உண்மையில் சரி, எது தப்பு என்று அவளுக்கே தெரியாது என்பதுதான் வேடிக்கை.

இந்த நிலையில்தான் கம்பெனிக்குப் புது ஆர்டர் வந்தது. கரீபியன் தீவுகளின் பாணியில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு புட்டிங். அதுவும் வீகன் ஆட்களுக்கானது. பால், வெண்ணெய், முட்டை, தேன் எதுவும் நிழல்கூடப் படக் கூடாது. கம்பெனியில் செய்து பார்த்தால் ஐந்தாறு பேர் கூடி நின்று, "மேடம், ஜாதிக்காய் தூக்கலா இருக்கா?" என்று முகத்தைப் பார்ப்பார்கள். அதனால் அவளே முந்திக்கொண்டாள். "வீட்டு அடுப்புலயே செஞ்சு பாத்துடறேன் சார். ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குள்ள உங்க வீட்டுக்கே கொண்டாந்து தரேன்" என்றாள். மேனேஜர் அன்று இரவே வாடிக்கையாளரைப் பார்க்க ஊருக்குக் கிளம்புகிறார். "நீங்க கைப்பட எழுதின ரிப்போர்ட் இருந்தா போதும் மேடம். இந்த வருஷம் உங்களுக்குச் சோதனையே வேண்டாம்னு மேல பேசிடறேன்" என்று வேறு சொல்லிவிட்டார். அவளுக்கு உயிர் திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே புருஷனுக்குப் போன் வந்தது. எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. வர ராத்திரி ஆகும் என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனான். அவள் சமையலறையில் இறங்கினாள்.

இரண்டு கிலோ கிழங்கைத் தோல் சீவிப் பச்சையாகவே துருவினாள். முழங்கை வரை ஆரஞ்சு நிறம் ஏறியது. இரண்டு தேங்காய் உடைத்துக் கெட்டிப் பால் எடுத்தாள். நாட்டுச் சர்க்கரை, மக்காச்சோள மாவு, துருவிய இஞ்சி, பட்டைத் தூள், உலர்திராட்சை, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் வனிலா. எல்லாம் எடைத் தராசில் வைத்துத்தான். கை பதினெட்டு வருடப் பழக்கத்தில் தானாக ஓடியது. கலவையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். இனித்தது, லேசாக உறைத்தது. வனிலா போட்டோமா இல்லையா என்று பாட்டிலைத் திருப்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, அழாமல் தட்டில் ஊற்றினாள்.

அடுப்போடு சேர்ந்த கேஸ் ஓவன் அது. ஒரு மணி நேரம் வெந்ததும் வெளியே எடுத்து, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் கலந்து மேலே ஊற்றி, மறுபடி உள்ளே தள்ளினாள். அந்த ஊரில் அப்படித்தான் செய்வார்களாம். அடி கிழங்குக் கேக்காகவும் மேல்பாகம் நடுங்குகிற பாலாடை போலவும் வர வேண்டும். இரண்டு மணிக்கு ஓவனை அணைத்து, தட்டை மேடையில் வைத்தாள். பார்க்க அப்படியொரு அழகு.

மேலே ஜாதிக்காயைச் சீவிப் போடுவதுதான் பாக்கி. சீவும்போது காய் கையிலிருந்து வழுக்கி, மேடையில் உருண்டு, அடுப்புக்குப் பின்னால் விழுந்தது. வீட்டில் இருந்ததே அந்த ஒன்றுதான். கரண்டியை விட்டு நோண்டினாள், எட்டவில்லை. அடுப்பின் இரண்டு காதையும் பிடித்து முன்னால் இழுத்தாள். கனமான அடுப்பு, அடம்பிடித்தது. பலம் கொண்ட மட்டும் ஒரு இழுப்பு இழுத்ததும் ஒரு முழம் வந்தது. கையை விட்டுக் காயை எடுத்தாள், அடுப்பை இடுப்பால் முட்டித் தள்ளினாள், ஜாதிக்காயைத் துடைத்துச் சீவினாள். பின்னால் இருக்கும் ரப்பர் குழாய் இழுபட்டு, மூட்டில் அரை விரல் அளவு கழன்று நின்றதை அவள் பார்க்கவில்லை. அது போட்ட மெல்லிய இரைச்சல் ஃப்ரிட்ஜ் இரைச்சலோடு கலந்துவிட்டது.

அடுத்ததாக ஜன்னலைச் சாத்தினாள். புட்டிங் ஆற ஒரு மணி நேரமாவது ஆகும், அதுவரை வாசனை கலையக் கூடாது, நாத்தனார் வந்து சொல்ல வேண்டும் அல்லவா? வெள்ளை அறையின் சட்டம் அது. புகையை வெளியேற்றும் விசிறியையும் அணைத்தாள். கதவிடுக்கில் பழைய துண்டு ஒன்றைக்கூடச் செருகினாள், அவ்வளவு பொறுப்பு.

மூன்று மணிக்குப் பெண்ணை எழுப்பிக் கூட்டி வந்து சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். படிவமும் பேனாவும் எடுத்துக்கொண்டாள்.

"ம், சொல்லு. பரீட்சை ஆரம்பம்."

நாத்தனார் உள்ளே வந்தவுடனே முகத்தைச் சுளித்தாள்.

"என்ன அண்ணி இது, அழுகின முட்டை வாடை அடிக்குது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முட்டையே போடாத பண்டத்துல முட்டை வாடையா? போச்சு, இன்னிக்கு நீ ஃபெயில்."

"நிஜமா அண்ணி. குமட்டுது. கேஸா இருக்குமோ?"

அவள் சட்டென்று திரும்பி அடுப்பைப் பார்த்தாள். திருகுகள் எல்லாம் நேராக நின்றன. ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தாள். ஓவன் திருகும் மூடியிருந்தது. அப்புறம் என்ன? நாட்டுச் சர்க்கரையில் கந்தகம் கலப்பார்கள், அந்த வாடையாக இருக்கும் என்று அவளுடைய பதினெட்டு வருட அனுபவம் உடனே ஒரு காரணத்தை எடுத்து நீட்டியது. இன்னொரு பக்கம் மனசு உறுத்தியது. உன்னால் முகர முடியாது, அந்தப் பெண்ணால் முடியும், அவளை நம்பு என்றது. நம்பினால் என்ன செய்ய வேண்டும்? ஆள் கூப்பிட வேண்டும். வருகிறவன், "உங்களுக்குத் தெரியலையா மேடம்?" என்று கேட்பான். புருஷன் காதுக்குப் போகும். ஐந்து மணி தவறும். மேனேஜர் கிளம்பிவிடுவார்.

"கேஸ் இல்ல. நான் இங்கேயேதானே நிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

நாத்தனார் மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். "அதுவும் சரிதான். உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போகுது? ஜன்னலையாவது திறக்கட்டுமா?"

"திறந்தா வாசனை போயிடும். கிட்ட வந்து, புட்டிங்கை மட்டும் பாத்துச் சொல்லு."

பாவம், அந்தப் பெண் தட்டின் மேல் குனிந்து, வாடையை ஒதுக்கிவிட்டு வாசனைகளைத் தேடிப் பொறுக்கினாள். தேங்காய் முதலில் வருகிறது, பட்டை பின்னால், ஜாதிக்காய் கொஞ்சம் கூடுதல், இஞ்சி போதாது. அண்ணி மளமளவென்று எழுதினாள். முட்டை வாடையை எழுதவில்லை. எழுதி முடிந்ததும் நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"தலை சுத்துது அண்ணி. படுத்துக்கறேன்."

"படு, படு. வெளிக்கதவைச் சாத்திட்டுப் போறேன், யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

ஒரு பெரிய துண்டை வெட்டி டப்பாவில் வைத்து, அதை பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கி முடிந்தாள். சேலை மாற்ற நேரமில்லை. சமையலறைக் கதவை லேசாகச் சாத்திவிட்டு, அடுத்த அறையில் ஒருக்களித்துப் படுத்திருந்தவளின் மேல் போர்வையை இழுத்துவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. ஒன்றரை மாதத்தில் முதல் முறையாக அவளுக்கு மனம் லேசாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் இரண்டு நிறுத்தம் தள்ளி எழுந்து வேறு இடத்துக்குப் போனதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேனேஜர் வீட்டில் பெட்டி கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். அவர் மனைவி சிரித்துக்கொண்டே கவரை வாங்கி, மேசையில் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்த்தவள் அப்படியே தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"என்னங்க இது, கேஸ் வாடை!"

மேனேஜர் குனிந்து முகர்ந்தார். பிறகு நிமிர்ந்து அவளை முகர்ந்தார், கொஞ்சம் சங்கடத்தோடு. "மேடம், உங்க சேலையிலகூட அடிக்குதே. உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியாம என்ன சார்? பஸ்ல ஒருத்தர் சிலிண்டர் வெச்சிருந்தாரு, அதுதான்."

பொய் அவ்வளவு சரளமாக வந்தது. ஒன்றரை மாதப் பயிற்சி. சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்ததன் அர்த்தம் அவளுக்குள் இறங்கியது. கேஸ். கவருக்குள் இருந்தது அவள் வீட்டுச் சமையலறைக் காற்று. அந்தக் காற்றுக்குப் பக்கத்து அறையில் ஒரு பெண் போர்வை போர்த்திப் படுத்திருக்கிறாள். போர்த்திவிட்டு வந்தது யார்?

பையிலிருந்து போனை எடுத்தாள். மணி அடித்தாலே பற்றிக்கொள்ளுமோ என்று ஒரு பயம், அடிக்காமல் எப்படி எழுப்புவது என்று இன்னொரு பயம். அடித்தாள். ஆறாவது மணியில் எடுத்தாள் நாத்தனார்.

"அண்ணி..." குரல் குழறியது.

"எழுந்து உடனே வெளிய போ. தெருவுக்குப் போயிடு."

"எதுக்கு?"

மேனேஜர் ஓரடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினாள். இந்த நேரத்திலும் தாழ்த்தினாள், கேளுங்கள்!

"சும்மா சொல்றதைக் கேளு. கேஸ் கசியுதுன்னு நினைக்கிறேன்."

நாத்தனார் தூக்கக் கலக்கத்தில் சிரித்தாள். "இதுவும் பரீட்சையா அண்ணி? நான் மாட்டேன்பா. நீங்கதானே கேஸ் இல்லன்னீங்க? அங்கேருந்து எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"ஐயோ, போயேன்!"

"இருங்க, அண்ணன் வேற வந்துட்டாரு. வேலை சீக்கிரம் முடிஞ்சிடுச்சாம். வந்ததும் வராததுமா கேஸ் வாடை அடிக்குதுன்னாரு. அண்ணி அப்பவே பாத்துட்டாங்க, கேஸ் இல்லன்னு நான்தான் சொன்னேன். அப்ப சரின்னு டீ போடப் போயிருக்காரு."

போனில் தூரத்திலிருந்து புருஷன் குரல் ஏதோ கேட்டது.

"அண்ணி, லைட்டர் எங்க வெச்சீங்கன்னு கேக்கறாரு."

"வேண்டாம்! தொட வேண்டாம்னு சொல்லு!"

"ஏன்? நீங்கதானே..." நாத்தனார் போனை விலக்கி அண்ணனிடம் ஏதோ பேசியது கேட்டது. மறுபடி பக்கத்தில் வந்தாள். "பரவால்ல அண்ணி, அவருக்குக் கிடைச்சிடுச்சாம்."

"எனக்கு வாசனையே தெரியாது!"

அவள் போட்ட கூச்சலில் மேனேஜர் மனைவி கையிலிருந்த கவரை விட்டுவிட்டாள். "எனக்கு மூக்கு போயிடுச்சு! ஒண்ணும் தெரியாது எனக்கு! உன்னைக் கேட்டுத்தான் எல்லாம் எழுதினேன்! நீ சொன்னதுதான் சரி, நான் சொன்னது பொய்! அவர் கையைப் பிடி, ஓடு, அவர் கையைப் பிடி!"

போனில் ஒரு நாற்காலி விழுந்தது. "அண்ணே!" என்று ஒரு அலறல். காலடிச் சத்தம். போன் எதன்மேலோ மோதியது. அதன் பிறகு ஒன்றும் இல்லை.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். மேசையில் புட்டிங் இருந்தது, அதைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நிமிட முள் ஒரு கோடு நகர்ந்தது, இன்னொரு கோடு நகர்ந்தது. இணைப்பு அறுபடவில்லை என்று திரை காட்டியது. அதை மட்டும் அவள் போனைக் காதிலிருந்து விலக்கி விலக்கிப் பார்த்தாள்.

பிறகு வண்டிகளின் இரைச்சல் கேட்டது. தெரு இரைச்சல். யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"வெளியே வந்துட்டோம்." புருஷன்தான். "இவ வாந்தி எடுத்துட்டே இருக்கா, கால் நிக்கல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"குழந்தை?"

"தெரியல." அவன் குரலில் கோபம்கூட இல்லை. "எப்பலேர்ந்து?"

மேனேஜர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணரை மாசமா."

"ஒண்ணரை மாசமா நீ சொல்றதை நம்பித்தான் இந்த வீட்டுல எல்லாரும் மூச்சு விட்டுட்டு இருந்தோம்" என்று சொல்லிவிட்டு, ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தப் போனை வைத்துவிட்டான்.